4294967297 பகா எண்ணா?
இல்லை, பகு எண்தான். 641 × 6700417 என்று பிரியும். இந்த இரண்டும் பகா எண்கள்.

2³² + 1 என்பதே இந்த எண். 2-இன் அடுக்கு 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகும் இதே வகையில் இதற்கு முன்னால் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்துமே பகா எண்கள் என்பதால், இதுவும் அப்படித்தான் என்று கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். அது தவறு என்று 1732-இல் இன்னொரு கணிதவியலாளரான ஆய்லர் காட்டினார்.

நீண்ட வகுத்தல் போடாமலே இதைச் சரிபார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 641 = 5 × 2⁷ + 1. ஆகவே 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதியை −1 என்று கொள்ளலாம். நான்காம் அடுக்கு எடுத்தால் 5⁴ × 2²⁸, மீதி 1. அப்புறம், 641 = 5⁴ + 2⁴ என்பதால் 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடலாம். போட்டால் −2³²-இன் மீதி 1. அதாவது 2³² + 1 மீதியில்லாமல் வகுபடும்.

இந்த வரிசையில் 65537-க்கு மேல் ஒரு பகா எண்கூட இன்றுவரை கிடைக்கவில்லை.