மலேசியாவுக்கு வைட்டமின் கம்மி (மென்று தின்னும் ஜெல்லி மிட்டாய் வடிவ வைட்டமின்) ஏற்றுமதி செய்ய ஹலால் சான்றிதழ் மட்டும் போதுமா?

போதாது. ஊட்டச்சத்துக் குறைபாட்டை ஈடுசெய்யும் பொருளாக விற்கப்படும் கம்மி, மலேசியாவில் சாதாரண மிட்டாயாகக் கருதப்படுவதில்லை. அது தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையிடம் பதிவு செய்யப்பட்டு, "மால்" (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணைப் பெற்ற பின்னரே சந்தைக்கு வர முடியும். ஹலால் சான்று அங்கே சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் உறையில் "ஹலால்" என்று அச்சிட வேண்டுமானால், இஸ்லாமிய வளர்ச்சித் துறையான ஜாக்கிம் வழங்கிய சான்றோ, அத்துறை அங்கீகரித்த வெளிநாட்டு அமைப்பின் சான்றோ இருக்க வேண்டும். ஆகவே உள்ளூரில் கிடைக்கும் எந்தச் சான்றும் செல்லும் என்று நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள்.

மூலப்பொருள்களில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. கம்மியைக் கெட்டிப்படுத்தச் சேர்க்கும் ஜெலட்டின் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கப்படுவது; அதில் பன்றி ஜெலட்டின் கூடாது. மாட்டு ஜெலட்டினாக இருந்தாலும் அந்த மாடு ஹலால் முறையில் அறுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதால், பழங்களிலிருந்து எடுக்கப்படும் பெக்டினுக்கு மாறுவதே எளிது என்பது என் கருத்து. எனினும் பெக்டினைப் பயன்படுத்திவிட்டோம் என்று நிம்மதியடைவது தவறு. வைட்டமின் ஏ, டி ஆகியவற்றின் நுண்மணிகள் பல நேரங்களில் ஜெலட்டின் பூச்சுடனேயே வருகின்றன, கிளிசரினும் விலங்குக் கொழுப்பிலிருந்து வந்திருக்கலாம். ஒவ்வொன்றின் மூலத்தையும் வழங்குநரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பன்றி ஜெலட்டின் ஓடிய அதே இயந்திரத்தைப் பயன்படுத்துவதாக இருந்தால், மண் கலந்த நீரால் ஒரு முறை உட்பட ஏழு முறை கழுவும் சடங்குமுறைச் சுத்திகரிப்பு தேவைப்படும்.

இந்தோனேசியாவையும் எண்ணியிருந்தால், அங்கே ஊட்டச்சத்துப் பொருள்களுக்கு ஹலால் விதி 2026 அக்டோபர் 17 முதல் கட்டாயமாகிறது என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.