சிகோங்கும் போதிதர்மரும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சர்க்கரையும் மூட்டுவலியும் உள்ள என் அம்மா (வயது 67) இரண்டு மாதமாக யூடியூப் பார்த்து சிகோங் என்ற சீன மூச்சு, அசைவுப் பயிற்சியைச் செய்கிறார். அவருக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதில் பேசுகிறவர், இது காஞ்சிபுரத்துப் போதிதர்மர் சீனர்களுக்குக் கொடுத்த கலை, உடம்பின் சக்தி ஓட்டம் திறந்துவிட்டால் மாத்திரையே வேண்டாம் என்கிறார். எவ்வளவு நம்பலாம்?

மீனா

அன்புள்ள மீனா,

மாத்திரையை நிறுத்த விடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அசைவுகள் பழையவைதான். சீனாவில் சாங்ஷா நகரின் மவாங்துய் கல்லறை கி.மு. 168இல் மூடப்பட்டது. 1973இல் அதைத் தோண்டியபோது ஒரு பட்டுத்துணி ஓவியம் கிடைத்தது. ஆணும் பெண்ணுமாக 44 பேர் கை நீட்டி, குனிந்து, வளைந்து நிற்கிறார்கள். இன்ன நோய்க்கு இன்ன அசைவு என்று சிலவற்றின் பக்கத்தில் குறிப்பும் உண்டு.

பெயர்தான் புதிது. லியூ குய்ஜென் என்ற கம்யூனிஸ்ட் கட்சி ஊழியர் வயிற்றுப்புண்ணோடு ஊர் திரும்பி, அங்கே கற்ற மூச்சுப்பயிற்சியால் தேறினார். கட்சி அதைச் சாமி, மந்திரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எடுத்துக்கொண்டது. இத்தகைய பயிற்சிகளுக்கெல்லாம் சிகோங் என்பது பொதுப்பெயரானது அதன் பிறகுதான். 1950களில் இதற்கென்றே சிகிச்சை நிலையங்கள் வந்தன. பிறகு மாவோ நடத்திய கலாச்சாரப் புரட்சியில் அதே லியூவை மூடநம்பிக்கைக்காரர் என்று அடித்து ஒதுக்கினார்கள். 1980களில் காற்று மறுபடி திரும்பியது. காட்டுத்தீயைத் தூரத்திலிருந்தே அடக்கியதாகச் சொல்லிக்கொண்ட குருமார்கள்கூட அப்போது இருந்தார்கள். உங்கள் யூடியூப்காரர் அந்தப் பரம்பரை!

போதிதர்மர் கதை ‘யீ ஜின் ஜிங்’ என்ற பயிற்சி நூலின் முன்னுரையிலிருந்து வருகிறது. நூல் 17ஆம் நூற்றாண்டுச் சரக்கு. அவர் வாழ்ந்ததோ ஐந்து, ஆறாம் நூற்றாண்டுகளில். அவரைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று பாரசீகர் என்கிறது, இன்னொன்று தென்னிந்திய அரசர் மகன் என்கிறது. உடற்பயிற்சி கற்பித்ததாக இரண்டிலும் இல்லை. நமக்குப் பெருமையாக இருக்கிறது என்பதற்காக அதை வரலாறு ஆக்க முடியாது.

சரி, அம்மா செய்யலாமா? தாராளமாக. ‘சி’ என்ற சக்தி ஓடுகிறதோ இல்லையோ, தோளும் இடுப்பும் அசைகின்றன, மூச்சு நிதானமாகிறது. வயதானவர்கள் தடுக்கி விழுவதைத் தாய் சி என்ற மெதுவான சீன அசைவுப் பயிற்சி குறைக்கிறது என்பதற்கு ஓரளவு நல்ல சான்றுகள் இருக்கின்றன. இதுவும் அதன் நெருங்கிய உறவுதான்.

அவர் செய்வது அநேகமாக ‘பா துவான் ஜின்’. எட்டே அசைவுகள், கால் மணி நேரம்கூட ஆகாது. முதல் அசைவில் இரு கைகளாலும் வானத்தைத் தாங்குவதுபோல் நிமிர்வார், அடுத்ததில் வில் இழுப்பார். கால்களை அகட்டித் தாழ்ந்து உட்கார்ந்து தலையைச் சுழற்றும் ஒன்று வரும். அதில் முழங்காலை அதிகம் மடக்க வேண்டாம். கடைசியில் குதிகாலைத் தூக்கி ஏழு முறை தொப்பென்று இறக்கினால் நூறு நோயும் போகும் என்று சீனப் பாட்டு சொல்கிறது. அம்மா மெதுவாக இறக்கட்டும். பக்கத்தில் ஒரு நாற்காலி இருக்கட்டும்.