மார்பு முழுவதையும் எடுத்தால்தான் பாதுகாப்பா?

கேள்வி: எனக்கு வயது 46. இடது மார்பில் 2 செ.மீ. அளவில் ஒரு கட்டி. ஊசி பயாப்சியில் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. ஹார்மோன் ஏற்பிகளான ஈ.ஆர்., பி.ஆர். பாசிட்டிவ், ஹெர்2 என்ற புரதம் நெகட்டிவ். ஸ்கேனில் அக்குள் நன்றாக இருக்கிறது. கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்கிறார் சர்ஜன். "மிச்சம் வைத்தால் மறுபடி வரும், மொத்தமாக எடுத்துவிடு, கதிர்வீச்சும் மிச்சம்" என்கிறார்கள் வீட்டில். எது சரி டாக்டர்? எடுத்துவிட்டால் மார்பைத் திரும்ப அமைக்க முடியுமா? எனக்குச் சர்க்கரை உண்டு. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் ஆகியிருக்கிறது.

- வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் சர்ஜன் சொல்வதுதான் சரி. நிறைய வெட்டினால் நிறையப் பாதுகாப்பு என்பது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க சர்ஜன் ஹால்ஸ்டெட் பரப்பிய கருத்து. மார்பு, அதன் அடியில் உள்ள தசை, அக்குள் நிணநீர் முடிச்சுகள் எல்லாவற்றையும் அவர் சேர்த்தே எடுத்தார். முக்கால் நூற்றாண்டுக்கு மேல் அதுவே நடைமுறையாக இருந்தது. 1970களில் இத்தாலியில் வெரோனேசியும் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஃபிஷரின் ஆய்வில் 1,851 பெண்கள். 2002இல் வெளிவந்த 20 ஆண்டு முடிவில், மார்பை எடுத்தவர்களுக்கும் கட்டியை மட்டும் எடுத்தவர்களுக்கும் ஆயுளில் வித்தியாசம் இல்லை. ஆனால் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு பெறாதவர்களில் 39.2 சதவீதம் பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. கதிர்வீச்சும் பெற்றவர்களில் 14.3 சதவீதம். இன்றைய மருந்துகளோடு இந்த எண்கள் இன்னும் குறைவு. எனவே உங்கள் வயதில் மார்பைக் காப்பாற்றும் ஆபரேஷனும் கதிர்வீச்சும் ஒரே சிகிச்சையின் இரண்டு பகுதிகள். ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்ள முடியாது.

கதிர்வீச்சு என்றதும் பலரும் மாதக்கணக்கில் அலைய வேண்டும் என்று நினைக்கிறார்கள். இப்போது பரவலாகத் தருவது 15 முறை, மூன்று வாரம், மொத்தம் 40 கிரே (கதிர்வீச்சின் அளவு). உங்கள் வயதுக்கு, கட்டி இருந்த இடத்தில் கூடுதலாகச் சில தடவை தரக்கூடும். இடது பக்கம் என்பதால், மூச்சை ஆழமாக இழுத்துப் பிடித்திருக்கும்போது கதிர்வீச்சு தரும் வசதி உண்டா என்று கேளுங்கள். அப்போது இதயம் விலகி நிற்கும். மார்பை எடுத்தால் கதிர்வீச்சு மிச்சம் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு நிணநீர் முடிச்சுகளில் நோய் இருப்பது தெரிந்தால் அப்போதும் தர வேண்டிவரலாம்.

மார்பை எடுத்தே ஆக வேண்டிய நிலைமைகளும் உண்டு. மார்பின் வெவ்வேறு பகுதிகளில் கட்டிகள், மேமோகிராமில் பரவலான சுண்ணாம்புப் புள்ளிகள், அதே இடத்தில் முன்பே வாங்கிய கதிர்வீச்சு, திரும்பத் திரும்ப வெட்டியும் விளிம்பில் நோய் எஞ்சுவது ஆகியவை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இவை எதுவும் உங்களுக்கு இல்லை. மார்பின் அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தால், பக்கத்துத் திசுவைத் திருப்பிப் பள்ளத்தை நிரப்பும் 'ஆன்கோபிளாஸ்டிக்' முறை தேவைப்படும். அப்படியே தைத்து மூடினால், கதிர்வீச்சுக்குப் பிறகு அந்த இடம் குழிந்து காம்பு ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். அதைப் பிறகு சரிசெய்வது கடினம்.

எடுத்த கட்டியைக் கையாளும் விதத்தில்தான் பல இடங்களில் கோட்டை விடுகிறார்கள். திசுவின் மேல்புறம் குட்டை நூல், வெளிப்புறம் நீள நூல் போன்று அடையாளத் தையல் போட்டு அனுப்ப வேண்டும். திசுவைப் பரிசோதிக்கும் பெத்தாலஜிஸ்ட் அதன் வெளிப்பரப்பில் மை பூசி, நுண்ணோக்கியில் பார்ப்பார். மை பட்ட இடத்தில் புற்றணு இல்லையென்றால் விளிம்பு சுத்தம். தொட்டுக்கொண்டிருந்தால், எந்தத் திசையில் என்று நூல் சொல்லிவிடும்; அங்கு மட்டும் மறுபடி எடுக்கலாம். இந்த இரண்டாவது ஆபரேஷன் அரிதல்ல, அதற்காகச் சர்ஜனைக் குறைசொல்ல வேண்டாம். திசு ஒரு மணி நேரத்துக்குள் பார்மலினில் போய்விட வேண்டும். சும்மா கிடந்தால் ஈ.ஆர். சோதனை பொய்யாக நெகட்டிவ் காட்டலாம். பயாப்சி செய்யாமலே 'கட்டிதானே' என்று சின்ன கிளினிக்குகளில் எடுத்துவிடுவது இதனால்தான் ஆபத்து: அடையாளமும் இல்லை, விளிம்பும் தெரியாது. நீங்கள் ஊசி பயாப்சி செய்தது நல்ல காரியம். ஊசி குத்தினால் நோய் பரவும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

மார்பின் நிணநீர் அக்குளில் முதலில் வந்து சேரும் ஒன்றிரண்டு முடிச்சுகளை மட்டும் நீலச் சாயம் செலுத்தி அடையாளம் கண்டு எடுத்தால் போதும். ஒரு நாள் சிறுநீர் நீலப்பச்சையாகப் போகலாம், பயப்படாதீர்கள். உங்களைப் போன்ற நோயாளிக்கு, கதிர்வீச்சும் சேர்ந்தால், ஒன்று அல்லது இரண்டு முடிச்சில் நோய் இருந்தாலும் அக்குளை முழுதாகத் துப்புரவு செய்யத் தேவையில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முழுத் துப்புரவால் வரும் கை வீக்கம் பெருமளவு குறைவதற்குக் காரணம் இதுதான்.

மும்பை டாட்டா மெமோரியல் மருத்துவமனையின் ஆய்வு ஒன்றையும் சர்ஜனிடம் கேட்டுப் பாருங்கள். சுமார் 1,600 பெண்களில் ஒரு பாதியினருக்கு, வெட்டுவதற்கு 7 முதல் 10 நிமிடம் முன்பு கட்டியைச் சுற்றி 0.5 சதவீத லிக்னோகெயின் மரப்பு மருந்தைச் செலுத்தினார்கள். ஐந்தாண்டு உயிருடன் இருந்தவர்கள் 86.4 சதவீதத்திலிருந்து 90.1 ஆக உயர்ந்தார்கள். 2023இல் வெளியானது. ஒரே ஆய்வுதான், எல்லா இடத்திலும் நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் மலிவான, பழகிய மருந்து என்பதால் கேட்பதில் நஷ்டமில்லை என்பது என் கருத்து.

இனி, மார்பை எடுக்கத்தான் வேண்டும் என்றானால் மறுசீரமைப்பு. இதை முதல் ஆபரேஷனுக்கு முன்பே பிளாஸ்டிக் சர்ஜனோடு பேசிவிட வேண்டும். சிலிக்கான் இம்ப்ளான்ட் வைப்பது சிறிய ஆபரேஷன். கதிர்வீச்சு பட்டால் அதைச் சுற்றி உருவாகும் சவ்வு இறுகி, மார்பு கல்லாகி மேலேறும். இம்ப்ளான்ட் ஆயுள் முழுக்க வருவதும் இல்லை. சொரசொரப்பான மேற்பரப்புள்ள வகையில் ஓர் அரிய லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்) வந்ததால், 2019இல் ஒரு பிராண்டு உலக அளவில் திரும்பப் பெறப்பட்டது. வழவழப்பானதையே கேட்டு வாங்குங்கள்.

அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் ரத்தக் குழாயோடு எடுத்து, மார்பெலும்புக்குப் பக்கத்துக் குழாயோடு மைக்ரோஸ்கோப்பில் இணைப்பது 'டீப் ஃபிளாப்'. வயிற்றுத் தசையை விட்டுவைப்பதால் வயிறு பலவீனமாவது குறைவு. உங்கள் குடும்பக் கட்டுப்பாட்டுத் தழும்பு பொதுவாகத் தடையாகாது. சி.டி. ஆஞ்சியோவில் குழாய்களைப் பார்த்துவிடுவார்கள். முதல் இரண்டு நாள்தான் கண்டம். நர்ஸ் மணிக்கொரு முறை நிறமும் சூடும் பார்ப்பார். ஊதா நிறமாகி வீங்கினால் சிரையில் அடைப்பு. வெளிறிக் குளிர்ந்தால் தமனியில். உடனே தியேட்டருக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் காப்பாற்றலாம், காலைவரை காத்திருந்தால் முடியாது. எனவே இரவிலும் மைக்ரோசர்ஜரி குழு இருக்கிற மருத்துவமனை வேண்டும். அது இல்லையென்றால் முதுகுத் தசையைக் கொண்டு செய்வது நம்பகமானது. முதுகில் நீர் கோர்க்கும், அவ்வளவுதான்.

சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் தோல் ஓரங்கள் கருகி, காயம் ஆறாமல், அடுத்த சிகிச்சையும் தள்ளிப்போகும். வீட்டில் புகைப்பவர் இருந்தால் அதுவும் உங்கள் தோலுக்குக் கெடுதல். காயத்திலிருந்து குழாய் வழியே நீர் வடியும் டிரெய்ன் பாட்டிலில் எவ்வளவு வடிகிறது என்று தினமும் எழுதுங்கள். 24 மணி நேரத்தில் 30 மி.லி.க்குக் கீழே வந்தால் குழாயை எடுப்பார்கள். மறுசீரமைத்த மார்பில் உணர்ச்சி இருக்காது, அல்லது மிகக் குறைவாக இருக்கும். அதன் மேல் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவே கூடாது, கொப்பளித்த பின்புதான் தெரியும்.

50 வயதுக்குள் வந்திருப்பதால் பரம்பரையாக மார்புப் புற்றுநோய் வரக் காரணமாகும் பி.ஆர்.சி.ஏ. ஜீன் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிடுங்கள். அது பாசிட்டிவ் என்றால் இரண்டு மார்புகளையும் பற்றி மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும். முடிவு வர சில வாரங்கள் ஆகலாம். அதுவரை ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதா, முதலில் கட்டியை எடுத்துவிட்டுக் காத்திருப்பதா என்று உங்கள் சர்ஜனோடு முடிவு செய்யுங்கள்.