சின்னவள் சொன்ன 'ஒன்றுமில்லை'

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பெரியவள் பொறியியல் படிக்கிறாள், அடுத்து என்ன என்று கேட்டால் பளிச்சென்று பதில் சொல்கிறாள். சின்னவள் கணக்கு-பயாலஜி குரூப்பில் நல்ல மார்க் எடுத்துவிட்டு, பி.ஏ. ஆங்கில இலக்கியம்தான் வேண்டும் என்கிறாள், "படிச்சு என்ன பண்ணப் போற?" என்றால் வாயைத் திறப்பதில்லை. ஏதோ ராஜா கதையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தீர்கள்.

அந்த ராஜா கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்', 1608இல் முதலில் அச்சானது. வயதான அரசன் லியர் நாட்டை மூன்று மகள்களுக்குப் பிரித்துக் கொடுக்க உட்கார்கிறான். யாருக்கு என் மேல் அதிகப் பாசம், சொல்லுங்கள் என்கிறான். மூத்தவள், என் கண்பார்வையைவிட நீங்கள்தான் எனக்குப் பெரிது என்கிறாள். அடுத்தவள், அக்கா சொன்னது போதாது என்கிறாள். கடைசி மகள் கார்டீலியா, "ஒன்றுமில்லை" என்கிறாள். ஒரு மகளுக்கு எவ்வளவு கடமையோ அவ்வளவு நேசிக்கிறேன், கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்கிறாள். உண்மையைச் சொன்னவளை லியர் வெறுங்கையோடு துரத்துகிறான். அப்புறம் அந்த மூத்த இருவரும் அவனுடைய நூறு வீரர்களை ஐம்பதாக்கி, இருபத்தைந்தாக்கி, கடைசியில் ஒருவன்கூட எதற்கு என்று கேட்கிறார்கள்.

போன வாரம் சின்னவள் என் அறைக்கு வந்தபோது புத்தகம் அவள் பையில் இருந்தது. வாங்கிப் பார்த்தேன். இரண்டு இடத்தில் பென்சில் கோடு. ஒன்று கார்டீலியாவின் "ஒன்றுமில்லை". இன்னொன்று அடுத்த காட்சியில். எட்மண்ட் என்பவன் அண்ணன் மேல் பழி போட ஒரு பொய்க் கடிதம் எழுதி, அப்பா பார்க்கும்படியே மறைக்கிறான். என்ன கடிதம் என்று அப்பா கிளாஸ்டர் கேட்டால், அவனும் "ஒன்றுமில்லை" என்கிறான். ஒன்றுமில்லை என்றால் எனக்கு மூக்குக்கண்ணாடி தேவைப்படாதே, காட்டு என்கிறார் கிளாஸ்டர். காட்டுகிறான், நம்பிவிடுகிறார். பின்னால் அவர் கண்களையே பிடுங்குகிறார்கள். எட்மண்டின் துரோகம் அவருக்கு அதன் பிறகுதான் தெரிகிறது. பார்வை இருந்தபோதுதான் தடுக்கி விழுந்தேன் என்கிறார்.

"சார், ரெண்டு பேரும் சொல்றது ஒரே வார்த்தை. ஒண்ணு உண்மை, ஒண்ணு பொய். ரெண்டு அப்பாவும் மாத்திப் புரிஞ்சுக்கிறாங்க" என்றாள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை ஐயா, தானாகக் கண்டுபிடித்திருக்கிறாள். வெளியே தெரிவது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று என்பது துன்பியல் நாடகங்களின் உயிர்நாடி. எம்.ஏ. மாணவர்களில் பலர் அதை கைடிலிருந்து மனப்பாடம் செய்வார்கள். இவள் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறாள். உங்கள் வீட்டில் அவள் பேசாமல் இருப்பதை நான் திமிராகப் பார்க்கவில்லை. பதினேழு வயதில் பொய்யாக ஒரு பதில் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

சரி, வேலை. வெறும் பி.ஏ. போதும் என்று நான் சொல்ல மாட்டேன். பள்ளியில் முதுகலை ஆசிரியராக எம்.ஏ.வும் பி.எட்.டும் வேண்டும், ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) நடத்தும் தேர்வு எழுத வேண்டும். கல்லூரியில் கற்பிக்க எம்.ஏ.வுக்குப் பிறகு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு, அல்லது செட் என்ற மாநிலத் தகுதித் தேர்வு எழுத வேண்டும். நெட் இரண்டு தாள், 150 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம்; தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2 தேர்வு எழுத ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும். மூன்று வருடச் சட்டப்படிப்பும் பட்டத்துக்குப் பிறகு உண்டு. ஐந்தாறு வருட உழைப்பு இது. பொறியியலும் நாலு வருடம்தானே.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். இது ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு இல்லை. அந்த எண்ணத்தில் சேர்ந்து முதல் செமஸ்டரிலேயே திணறும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கல்லூரியையும் வாசலில் தொங்கும் பேனரை வைத்து முடிவு செய்யாதீர்கள். வேலைநாளில் போய், இரண்டாம் வருட மாணவி யாரிடமாவது வகுப்பு ஒழுங்காக நடக்கிறதா, நூலகத்திலிருந்து புத்தகம் வீட்டுக்குத் தருகிறார்களா என்று கேளுங்கள். பக்கத்தில் இருக்கும் அரசு கலைக் கல்லூரியையும் விட்டுவிடாதீர்கள். கட்டடம் பழசாக இருக்கும். நல்ல பேராசிரியர்கள் இருப்பார்கள், கட்டணமும் மிகக் குறைவு.

அந்த நாடகத்தின் முடிவில் லியர், இறந்த கார்டீலியாவைக் கைகளில் தூக்கி வருகிறான். மூச்சு இருக்கிறதா என்று அறிய முகம் பார்க்கும் கண்ணாடி கேட்கிறான், உதட்டருகே இறகைப் பிடிக்கிறான். 1681இல் நாஹும் டேட் என்பவர் கார்டீலியா பிழைத்துக்கொள்வதாக மாற்றி எழுதினார். ஒன்றரை நூற்றாண்டு அந்த வடிவம்தான் இங்கிலாந்து மேடையில் ஓடியது. அவ்வளவு தாங்க முடியாத முடிவு. சின்னவள் அந்தப் பக்கத்தை இன்னும் படிக்கவில்லையாம், தள்ளிப் போடுகிறாள்.

இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, அந்தப் பென்சில் கோடுகளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். என்ன பண்ணப் போகிறாய் என்ற கேள்வி இரண்டு நாள் கழித்து வரட்டும். திங்கட்கிழமை மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு இருவருமாக வாருங்கள், விண்ணப்பத்தை இங்கேயே உட்கார்ந்து போட்டுவிடலாம்.