மலை ஹோட்டல் கதிரையும் பரந்தன் வெயிலும்

கேள்வி: சுவிஸில் இருக்கும் அண்ணா, மலை ஹோட்டல் ஒன்றில் தங்கிவிட்டுப் படங்கள் அனுப்பினார். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, மற்றச் சுவர்களில் பலகை, ஆட்டுத்தோல் விரித்த தாழ்ந்த கதிரைகள். நாங்கள் கட்டும் வீட்டு ஹோலையும் அப்படியே செய், காசு நான் தாறன் என்கிறார். சரிவருமா?
– வாசகி, பரந்தன்

பதில்: காசு தருகிறேன் என்பவரைத் தடுக்க எனக்கும் மனமில்லை. ஆனால் அப்படியே செய்தால் சரிவராது தங்கச்சி. அந்தக் கண்ணாடி காட்சிக்கு மட்டும் இல்லை, பனிக்காலத்தில் தாழ்வாக விழும் வெயிலை உள்ளே எடுக்கவும்தான், அதுவும் இரண்டு மூன்று அடுக்குக் கண்ணாடி. பரந்தனில் அதை மேற்குப் பக்கம் வைத்தால் பின்னேரம் ஹோலுக்குள் இருக்க ஏலாது, பிறகு திரை போட்டு மூடி, ஏசியும் பூட்டி, கரண்ட் பில்லையும் அண்ணாவுக்கே அனுப்ப வேண்டிவரும். பலகைச் சுவர் அங்கே குளிருக்கு. இங்கே பலகைக்குப் பின்னால் கறையான் குடியேறும். ஆட்டுத்தோல் ஒரு மாரிக்குத் தாங்காது, பூஞ்சணம் பிடித்துவிடும்.

கதிரை விஷயம் வேறு. பிரான்சின் மேரிபெல், லெஸ் ஆர்க் மலைத் தலங்களில் வீடுகளின் உள்ளமைப்பைச் செய்த சார்லோட் பெரியான், ஆல்ப்ஸ் இடையர்கள் குந்தியிருந்து பால் கறந்த முக்காலியைப் பார்த்துத்தான் தன் முக்காலியை வரைந்தார். இன்றைக்கு அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும். சுவிஸின் வால்ஸ் கிராமத்தில் 1996இல் திறந்த கட்டடக் கலைஞர் பீட்டர் சும்தோரின் குளியல் மண்டபமும் அந்த ஊர்க் கல்லில் அறுத்த 60,000 கற்பலகைகளை அடுக்கிக் கட்டியதுதான். அப்படியிருக்க, முதிரை விளையும் ஊரில் இருந்துகொண்டு நீங்கள் ஏன் பைன் பலகை தேட வேண்டும்?

நல்ல தச்சர் ஒருவரைப் பிடித்து முதிரையில் பிரம்பு பின்னிய சாய்மனைக் கதிரை இரண்டு செய்வியுங்கள். மரக்காலையில் பெர்மிட்டைக் கேட்டு வாங்குங்கள். ஈர மரம் வேண்டாம், பங்குனி வெயிலுக்கு வெடிக்கும். மற்றக் கதிரைகளின் இருக்கை உயரம் 17 அங்குலம் இருக்கட்டும், ஹோட்டல் கதிரைபோலப் பதித்துவிட்டால் அம்மம்மாவை எழுப்ப இரண்டு பேர் வேண்டும். மிஞ்சும் காசில் விறாந்தையை 8 அடிக்கு அகட்டுங்கள்.

அப்புறம், அண்ணாவின் படத்தில் சாமான்களை எண்ணிப் பாருங்கள், நாலைந்துதான் இருக்கும். ஷோகேஸ், பிளாஸ்டிக் பூச்சாடி, மூலைக்கு மூலை ஸ்டூல் என்று நாங்கள் அடைக்கும் எதுவும் அங்கே இல்லை. அதை மட்டும் அப்படியே கொப்பி அடிக்கலாம்.

கேள்வி: முதுகில் ஆங்கில ‘Y’ எழுத்து வடிவம் உள்ள வெக்னர் கதிரை பேஸ்புக்கில் மலிவாகப் போகிறது. வாங்கலாமா?
– வாசகர், மாங்குளம்

பதில்: டென்மார்க்கின் ஹான்ஸ் வெக்னர் 1949இல் வரைந்த கதிரை அது. அசலின் இருக்கையைச் சுமார் 120 மீற்றர் கடதாசிக் கயிற்றால் கையால் பின்னுவார்கள், நீங்கள் சொல்லும் மலிவு விலைக்கு அது வராது. நகல் என்று தெரிந்தே வாங்குவதென்றால் கவிழ்த்துப் பாருங்கள். மூலைப் பொருத்தில் ஆணி தெரிந்தால் விட்டுவிடுங்கள்.