பழைய ஒர்க்ஸ்டேஷனில் ரேம் கூட்டும்போது வரும் தலைவலிகள்: கேள்வி பதில்

2009-ல் வந்த ஹெச்பி இசட்400, இசட்600 பெட்டிகளை இன்னும் விடாமல் ஓட்டுகிறவர்கள் கேட்டவை இவை. நானும் அந்தக் கூட்டம்தான்.

கேள்வி: சார், இசட்400-க்கு சர்வரில் கழற்றிய 8 ஜிபி ரேம் மூன்று மலிவாகக் கிடைத்தது. போட்டதும் பவர் லைட் சிவப்பாக ஐந்து தடவை சிமிட்டுகிறது, கூடவே ஐந்து பீப். பழைய ரேமைப் போட்டால் ஓடுகிறது. போர்டு போச்சா?

பதில்: போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஐந்து பீப்புக்கு மெமரி கோளாறு என்று அர்த்தம். ரேமைக் கழற்றி ஸ்டிக்கரைப் படியுங்கள், பிசி3-10600 என்பதற்குப் பின்னால் 'ஆர்' என்ற எழுத்து இருக்கும், பந்தயமே கட்டுவேன். அது ரெஜிஸ்டர்டு ரேம், அதாவது சிக்னலை நடுவில் ஒரு சிப் வாங்கிக் கொடுக்கிற சர்வர் ரகம். கறுப்புச் சிப் வரிசைக்கு நடுவில் வேறு அளவில் ஒரு சிப் தனியாக இருக்கிறதா பாருங்கள், அதுதான் ரெஜிஸ்டர். உங்கள் பெட்டிக்கு 'யு' அல்லது 'இ' என்று முடிகிற ரேம்தான் ஆகும். 'யு' என்பது சாதா ரேம், 'இ' என்பது ஈசிசி, அதாவது சின்னப் பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்துகிற வசதி உள்ளது. கொடுமை என்னவென்றால் மூன்றுக்கும் அடியில் வெட்டியிருக்கும் காடி ஒரே இடத்தில்தான், அதனால் ஸ்லாட்டில் டக்கென்று உட்கார்ந்துவிடும், நாமும் சரியான ரேம் என்று நம்பிவிடுவோம். வாங்கிய இடத்திலேயே மாற்றித் தரச் சொல்லுங்கள். உங்கள் போர்டில் ஆறு ஸ்லாட் இருந்தால் 4 ஜிபி 'இ' ஆறு போட்டு 24 ஜிபி ஆக்கிக்கொள்ளலாம். பழைய சாதா ரேமை அதோடு கலக்காதீர்கள்.

கேள்வி: அண்ணா, இசட்400-ல் 4 ஜிபி ஆறு போட்டேன், பயாஸில் (பெட்டியை ஆன் செய்ததும் வரும் அமைப்புத் திரை) 16 தான் காட்டுகிறது. ரேமை எல்லாம் மாற்றி மாற்றிப் போட்டாச்சு, எதைப் போட்டாலும் அதே இரண்டு ஸ்லாட்தான் வேலை செய்யவில்லை.

பதில்: அப்படியென்றால் ரேம் மேல் பழி போடாதீர்கள். இந்தத் தலைமுறை ஜியானில் (இன்டெலின் ஒர்க்ஸ்டேஷன் ப்ராசஸர்) மெமரி கன்ட்ரோலர் ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிறது, ரேமுக்குப் போகும் பாதை, அதாவது சேனல், மூன்று; உங்கள் போர்டில் சேனலுக்கு இரண்டு ஸ்லாட். இரண்டு ஸ்லாட் ஜோடியாகப் போனால் ஒரு சேனலே இல்லை என்று பொருள். சமீபத்தில் தெர்மல் பேஸ்ட் மாற்றினீர்களா? நான் ஒரு தடவை கூலரின் ஒரு மூலை ஸ்க்ரூவை மட்டும் முதலில் இறுக்கிவிட்டு அரை நாள் ரேமோடு மல்லுக்கட்டினேன். நான்கையும் தளர்த்தி, எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கியதும் காணாமல் போன 8 ஜிபி திரும்பி வந்தது. அதிலும் சரியாகவில்லையா, ப்ராசஸரைத் தூக்கி, சாக்கெட் பின்களை டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள், வளைந்த பின் மட்டும் வேறு மாதிரி மின்னும்.

கேள்வி: பயாஸில் 24 சரியாக வருகிறது, விண்டோஸ் 7-ல் 16 தான் பயன்படுத்த முடியும் என்கிறது.

பதில்: ஹோம் பிரீமியமா? அதன் எல்லையே 16 ஜிபிதான். புரொஃபஷனல் என்றால் 192 வரை போகும்.

கேள்வி: 1333 வேக ரேம் வாங்கினேன், சிபியு-இசட் என்ற சாஃப்ட்வேரில் 533 காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. டிடிஆர் ரேம் ஒரு துடிப்புக்கு இரண்டு தடவை டேட்டா அனுப்பும் என்பதால் அதை இரண்டால் பெருக்க வேண்டும், 1066. டபிள்யூ3520 மாதிரி ப்ராசஸர் அதற்கு மேல் போகாது, ரேம்தான் அதற்காக இறங்கி வருகிறது.

கேள்வி: இசட்600, ஒரே ப்ராசஸர். ஆறில் மூன்று ஸ்லாட் செத்துக் கிடக்கிறது.

பதில்: சாகவில்லை, அவை இரண்டாவது ப்ராசஸருக்கானவை. அது வந்தால்தான் உயிர் வரும்.

கேள்வி: ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் (ரேமைச் சோதிக்கும் சாஃப்ட்வேர்) ஓடியதில் ஒரே ஒரு எரர். விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள், ஒன்று வந்தாலும் எரர் எரர்தான். ஒவ்வொரு ரேமாகத் தனியாகப் போட்டு ஓட்டுங்கள், எது என்று தெரியும். அதன் தங்க முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு இன்னொரு ராத்திரி. மறுபடி வந்தால் அதைக் குப்பையில் போடுங்கள், தெரிந்தவர் தலையில் கட்டாதீர்கள்.