முழு சிலிண்டரும் மிதக்கும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வெள்ளத்தில் எங்கள் வீட்டு கேஸ் சிலிண்டர் மிதந்தது. காலி என்று நினைத்தோம். மாட்டிப் பார்த்தால் புது சிலிண்டர்! எப்படி? (வாசகி, வியாசர்பாடி)

முழு சிலிண்டரும் மிதக்கும். கைப்பிடிக்குக் கீழே காலி எடை எழுதியிருக்கும், பெரும்பாலும் 15 கிலோவுக்குச் சற்று மேல். கேஸ் 14.2 கிலோ. மொத்தம் 30 கிலோவை ஒட்டி வரும். ஆனால் வயிறு பெரிது, 33 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். இரும்புச் சுவர் அடைக்கும் இடத்தையும் சேர்த்தால், சிலிண்டர் முழுக்க முங்குவதற்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீரை விலக்க வேண்டும். அந்தத் தண்ணீரின் எடை 35 கிலோ. சிலிண்டரோ 30 கிலோதான். அதனால் முக்கால் பாகத்துக்கு மேல் முங்கியதும் தண்ணீர் அதைத் தாங்கிவிடும்.

இதில் ஆபத்தும் உண்டு. மிதந்து நகரும் சிலிண்டர் ரப்பர் குழாயைப் பிடுங்கிவிடலாம். தெருவில் தண்ணீர் ஏறும்போதே ரெகுலேட்டரைக் கழற்றி, நூலில் தொங்கும் மூடியைப் போட்டு, சிலிண்டரை ஜன்னல் கம்பியோடு நிமிர்த்திக் கட்டுங்கள். தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அலை மேலே ஏறினாலும் கட்டுமரம் முழுகாது. கப்பலில் ஓட்டை விழுந்தால் மட்டும் ஏன் முழுகுகிறது? (காசிமேடு)

அருமையான கேள்வி. இரும்பு தண்ணீரைப் போல ஏறக்குறைய 8 மடங்கு கனம். கப்பலை மிதக்கவைப்பது அதன் உள்ளே காற்று மட்டும் இருக்கும் காலி இடம். எவர்சில்வர் கிண்ணத்தைப் பக்கெட் தண்ணீரில் நேராக வைத்தால் மிதக்கும், சாய்த்தால் தண்ணீர் புகுந்து அடியில் போய் ‘டங்’ என்று உட்காரும். கப்பலுக்கும் அதே கதிதான்.

கட்டுமரத்துக்கு உள் என்பதே கிடையாது. மரமே தண்ணீரைவிட லேசு, ஏறிய அலை இடுக்கு வழியே வடிந்துவிடும். ஆனால் மரம் தண்ணீர் குடித்தால் கனத்துவிடும். அதனால்தான் கரைக்கு வந்ததும் கட்டைப் பிரித்து வெயிலில் காயப்போடுவார்கள். இயற்பியல் வகுப்புக்கு வெகுகாலம் முன்பே கடற்கரையில் தெரிந்திருந்த விஷயம் இது.

மிதக்கும் முட்டை கெட்டதா? (தண்டையார்பேட்டை)

பழையது, அவ்வளவுதான். ஓட்டின் நுண்துளை வழியே ஈரம் போய், அந்த இடத்தில் காற்று சேர்ந்துவிடுகிறது. தனிக் கிண்ணத்தில் உடைத்து முகர்ந்து பாருங்கள். நாற்றம் அடித்தால் கொட்டிவிடுங்கள்.

ஐஸும் தண்ணீர்தானே, ஏன் மிதக்கிறது? (ராயபுரம்)

உறையும்போது தண்ணீர் விரிகிறது. 1 லிட்டர் இடத்தை அடைக்கும் ஐஸ் சுமார் 917 கிராம்தான்.

2023 டிசம்பரில் கழிமுகத்தில் மிதந்த எண்ணெய் இப்போது கண்ணில் படவில்லை. போய்விட்டதா? (எண்ணூர்)

மேலே தெரியவில்லை என்பதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. எண்ணெய் தண்ணீரைவிட லேசு என்பதால் முதலில் மிதக்கும். அப்புறம் அதில் லேசான பகுதி ஆவியாகும், மிச்சம் தடித்துப்போகும். சேறும் மணலும் ஒட்டிக்கொண்டால் கனம் கூடி அடியில் படியும். நண்டும் இறாலும் மேய்வது அங்கேதான். அதனால் தண்ணீரின் மேல்பரப்பை மட்டும் பார்த்தால் போதாது, அடிச் சேற்றையும் அலையாத்தி வேர்களையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.